மே மாதத்தில் ஓமான் மணல்மேட்டில் சறுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மே இரண்டாம் வாரம் மஸ்கட்டில் இறங்கி, முதுகில் ஒரே பையோடு ஒன்பது நாள் தனியாகச் சுற்றப் போகிறீர்கள். அதில் இரண்டு நாள் ஷர்கியா மணல்வெளிக்கு. அங்கே சாண்ட்போர்டிங், அதாவது பலகையில் மணல்மேட்டிலிருந்து சறுக்கி இறங்குவதை, செய்து பார்க்க ஆசை. பனிச்சறுக்கு, ஸ்கேட்போர்டு எதுவும் பழக்கமில்லை. விழுந்தால் எலும்பு முறியுமா, சொந்தமாகப் பலகை வாங்கிக்கொண்டு போகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சுருக்கமான பதில் உண்டு: பெரும்பாலும் முறியாது, பலகை வாங்கவேண்டாம். ஆனால் உங்கள் கேள்வி முழுக்க மேட்டிலிருந்து இறங்குவதைப் பற்றியே இருக்கிறது. ஏறுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மே மாதத்தில் அங்கே உங்களைப் படுக்க வைக்கக்கூடியது ஏறுவதுதான்.

நான் ஓமானில் 13 ஆண்டுகள் சாலைப் பணித்தளங்களில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன். வெயிலில் ஆள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பாதி. வெள்ளி, சனி விடுமுறையில் நண்பர்களோடு பிதியா பக்கம் மணலுக்குப் போவது வழக்கம். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் அங்குள்ள செம்மணல் தேரிமேட்டில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்கியவன் என்பதால் இந்தப் பைத்தியம் எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் மருத்துவன் அல்ல, போட்டிகளில் சறுக்குகிறவனும் அல்ல. மணல்வெளியின் வடக்கு ஓரம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தெற்கே கடல்வரை ஒரே ஒரு தடவை, இரண்டு வண்டிகளோடு போயிருக்கிறேன். அதை வைத்து யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

முதலில் இடம். பழைய வரைபடங்களில் வஹீபா மணல்வெளி என்றிருக்கும். அங்கே வாழும் பதூ (பாலைவன நாடோடி) இனக்குழுவின் பெயர் அது. இப்போது அரசு வைத்திருக்கும் பெயர் ஷர்கியா. பரப்பு ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர். வடக்குப் பகுதியில் மணல் நீள நீளமான முகடுகளாக, ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. உயரமானவை 100 மீட்டரைத் தொடும். இந்த வடக்குத் தெற்கு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் பிதியா. அதன் பழைய ஊர் அல் மின்தரிப். இப்ரா வழியாக சூர் போகும் பேருந்து அந்தப் பக்கமாகப் போகிறது. நேரத்தை முவாசலாத் பேருந்து நிறுவனத்தின் தளத்தில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். அல் மின்தரிப்பில் வீடுகளின் பின்சுவரை ஒட்டியே மணல்மேடு எழும்பி நிற்கும். மணலில் புதையாமல் ஓட்டுவதற்காக வண்டிக்காரர்கள் அங்கேதான் டயரில் காற்றைக் குறைப்பார்கள். மணலுக்குள்ளே பயணிகள் தங்கும் கேம்ப் நடத்துகிறவர்களிடம் முன்பே சொல்லி வைத்தால் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். நடந்தே கேம்ப்புக்குப் போய்விடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்று காட்டுவது மணலில் ஐந்து கிலோமீட்டர் அல்ல.

இனி சரிவு. சில சுற்றுலா விளம்பரங்களில் 50 டிகிரி, 60 டிகிரி என்று எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். உலர்ந்த மணல் ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்காது. மீறினால் தானாகவே சரிந்து அந்தக் கோணத்துக்கு வந்துவிடும். காற்று அடிக்கும் பக்கம் 10, 15 டிகிரியில் மெதுவாக ஏறும், மணல் இறுகிக் கிடக்கும். காற்றுக்கு மறைவான பக்கம்தான் செங்குத்து, மணல் பொலபொலவென்று இருக்கும். சறுக்க உதவுவது இந்த மறைவுப் பக்கம் மட்டுமே. 20 டிகிரிச் சரிவில் பலகையை வைத்து ஏறி நின்றால் சிலைபோல் நிற்பீர்கள். மேலே நின்று எட்டிப் பார்க்கும்போது 33 டிகிரி கிணற்றுக்குள் பார்ப்பதுபோல இருக்கும் என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் முதல் தடவை கால் நடுங்கத்தான் செய்யும்.

பனியில் பலகைக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி வழுக்கிக்கொடுக்கிறது. மணலில் அது கிடையாது, வெறும் உராய்வு. அதனால்தான் மணல் பலகைக்கு அடிப்பாகம் ஃபார்மைக்கா மாதிரி கெட்டியான வழவழப்பான தகடாக இருக்கும், அதன்மேல் மெழுகு தேய்ப்பார்கள். பழைய பனிச்சறுக்குப் பலகையையே மணலுக்குத் தருகிற கேம்ப்களும் உண்டு. அது இழுக்கும், ஓடாது. நான் பார்த்தவரை ஓமானில் பலகைகள் வெயிலில் கிடந்து காய்ந்து, மெழுகின் வாசனைகூட இல்லாமல் இருக்கும். மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஏதாவது மளிகைக்கடையில் நான்கு வெள்ளை மெழுகுவத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் பாரஃபின், கடையில் விற்கும் மணல்சறுக்கு மெழுகும் அடிப்படையில் பாரஃபின்தான். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் அடிப்பாகத்தைத் துடைத்து, நீளவாக்கில் அழுத்தித் தேய்க்கவேண்டும். ஒரு தடவை தேய்த்தது ஒரு தடவைக்குத்தான். மெழுகுவத்தி வைத்திருப்பவரைச் சுற்றிக் கேம்ப்பில் கூட்டம் சேர்ந்துவிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

'மணலை லேசாக நனைத்தால் வேகமாகச் சறுக்கும்' என்று எங்கோ படித்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இதில் உறுதியானது ஒன்று, என் ஊகம் ஒன்று. உறுதியானது: 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் சறுக்குவண்டியை இழுக்கத் தேவைப்படும் விசை பாதியாகக் குறைகிறது. உலர்ந்த மணல் வண்டிக்கு முன்னால் குவிந்து தடுப்பதுதான் காரணம். பழைய எகிப்தியர்கள் கல் இழுத்த விதத்தை விளக்குவதற்காகச் செய்த ஆய்வு அது. ஆனால் அது பாரம் ஏற்றிச் சமதரையில் இழுத்த வண்டி. சரிவில் முன்நுனியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பலகைக்கு முன்னால் மணல் அப்படிக் குவிவதில்லை. ஆகவே ஈரத்தால் லாபம் இல்லை என்று நினைக்கிறேன். இது ஊகம். அனுபவம் என்ன சொல்கிறது என்றால், பனி பெய்த விடியற்காலையில் மேல்மணல் ஈரமாக இருக்கும்போது பலகை ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்த பிறகு ஓடும். குடிதண்ணீரை மணலில் ஊற்றிச் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

சரி, ஏறுவதற்கு வருவோம். 80 மீட்டர் உயர மேடு என்றால் 32 டிகிரியில் சரிவின் நீளம் 150 மீட்டர் வரும். இறங்க இருபது முப்பது விநாடி. ஏற, பழக்கமில்லாதவருக்குப் பதினைந்து இருபது நிமிடம். அங்கே கம்பிவட ஊர்தி எதுவும் கிடையாது, பலகையும் உங்கள் தோளில்தான். சறுக்கிய முகத்திலேயே நேராக ஏறப் பார்ப்பார்கள் எல்லோரும். இரண்டு அடி வைத்தால் ஒன்றரை அடி வழுக்கிவிடும். சுற்றிப் போய், இறுகிய பக்கம் வழியாகவோ முகட்டின் விளிம்போரமாகவோ ஏறுங்கள். தூரம் கூடும், மூச்சு மிஞ்சும்.

இதையே மே மாத வெயிலில் யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் அந்த மாதம் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அது நிழலில், ஆள் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பம். மணலின் மேற்பரப்பு வேறு கணக்கு. தளத்தில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானியை ஒரு ஜூன் மதியம் மணலை நோக்கிப் பிடித்தேன், 68 காட்டியது. அதில் வெறுங்கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது. 'பாலைவனம் என்றால் ராத்திரி குளிருமே' என்பதும் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும், உண்மை. ஆனால் 2018 ஜூனில் மஸ்கட்டுக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள குரயாத்தில் ஓர் இரவு முழுக்க 42.6 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கவே இல்லை. மணல்வெளி அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் மே இரவில் உடம்பு முழுசாக ஆறிவிடும் என்று நம்பிப் பகலில் ஆடாதீர்கள்.

நான் சென்னைக்காரன், எனக்கு வெயில் புதிதா என்று உங்களுக்குத் தோன்றலாம். குளிரூட்டிய அலுவலகத்தில் பத்து மணிநேரம் இருந்துவிட்டு வருகிறவருக்குச் சென்னை வெயிலும் புதிதுதான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம், வெயில் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் 20 சதவீதம் மட்டும் கொடுத்து, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டச் சொல்கிறது. எங்கள் தளத்தில் இதை ஒட்டித்தான் ஆட்களை இறக்குவோம். ஊரிலிருந்து வந்து இரண்டாம் மூன்றாம் நாள் மயங்கி விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், மூன்றாம் வருடத்தில் விழுந்தவர்களை அரிதாகவே. ஓமான் அரசே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளி வேலையைத் தடை செய்திருக்கிறது. ஆக, மணல்வெளியைப் பயணத்தின் முதல் இரண்டு நாளில் வைக்காதீர்கள். முதலில் மஸ்கட், நிஸ்வா என்று காலையிலும் மாலையிலும் நடந்து, ஏழாம் எட்டாம் நாளில் மணலுக்குப் போங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஏறி இறங்கும் நேரத்தில் கால்மணிக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில், மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிக்கவேண்டும், தாகம் வரும்வரை காத்திருக்காமல். அதற்காக ஒரே மூச்சில் இரண்டு லிட்டரைக் கவிழ்க்கவும் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும், அது இன்னொரு ஆபத்து. ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து எடுத்துப்போங்கள். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் அன்றைக்குச் சறுக்கியது போதும். பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் அது வெப்பத்தாக்கு. 'வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு' என்று பலர் நம்புகிறார்கள். உடலை வருத்தி வருகிற வகையில் ஆள் வியர்த்துக்கொண்டே சுயநினைவு தப்புவார். உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்து ஆற்றக்கூடாது, ஆற்றிக்கொண்டே கூப்பிடவேண்டும். ஓமானில் அவசர எண் 9999. ஆனால் குழறுகிற ஆளுக்குத் தான் குழறுவது தெரியாது. தனியாக மேடேறாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். கேம்ப்பில் வேலை செய்யும் ஒருவரையாவது கீழே நிற்கச் சொல்லுங்கள்.

எனக்கே நடந்தது உண்டு. வந்த முதல் வருடம், ஏப்ரல் மாதம், காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். நான்காவது ஏற்றத்தில் முகட்டை அடைந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. உட்கார இடமில்லை, நிழல் என்று எதுவுமே இல்லை, மணல் சுட்டது. பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டேன். நண்பர் வந்து கையைப் பிடித்து இறக்கினார். வெயிலைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த பாதுகாப்பு அலுவலர்!

அதனால் மே மாதத்துக்கு நேரக் கணக்கு இப்படி இருக்கட்டும். சூரியன் ஐந்தரை மணிக்கெல்லாம் வந்துவிடும். ஐந்து மணிக்கு ஏற ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். ஐந்தாறு இறக்கம் கிடைக்கும், முதல் தடவைக்கு அது தாராளம். முகடுகள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன என்று சொன்னேன் அல்லவா? காலையில் மேற்குப் பக்கம் நிழலாக இருக்கும், மாலையில் கிழக்குப் பக்கம். காலையில் மேற்கு முகத்தில் நல்ல சரிவு கிடைக்கிற மேட்டைக் காட்டச் சொல்லி முந்தின மாலையே கேளுங்கள். மாலை ஐந்தரைக்குமேல் இன்னும் இரண்டு மூன்று தடவை இறங்கலாம். ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய உடம்பு அது, காலையில் முடிந்தது மாலையில் முடியாது.

இனி சறுக்கும் முறை. முதல் இரண்டு தடவை உட்கார்ந்தபடி இறங்குங்கள், சரிவின் பயம் போய்விடும். பிறகு நின்று. எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால், ஈரத்தரையில் ஓடிவந்து வழுக்கிக்கொண்டு போவதாக நினைத்துப் பாருங்கள். தானாக முன்னே வரும் கால் எதுவோ அதுதான். முழங்காலை மடித்து, பாரத்தைக் கொஞ்சம் பின்காலில் வையுங்கள். முன்காலில் அழுத்தினால் நுனி மணலில் குத்திக்கொள்ளும், நீங்கள் அதைத் தாண்டிப் போவீர்கள். முதல் நாள் திருப்பமெல்லாம் வேண்டாம், நேராக இறங்கினாலே போதும். நிற்கவேண்டும் என்றால் பின்பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். விழும்போது கையை முன்னால் நீட்டி ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். நான் பார்த்த காயங்களில் அதிகம் மணிக்கட்டும் தோளும்தான். மணல் மெத்தை மாதிரி இருக்கும் என்பது சரிவில் மட்டும் உண்மை. மேட்டின் அடிவாரத்தில் சில இடங்களில் தரை இறுகி, கல்லும் துருத்திக்கொண்டிருக்கும். இறங்கும் பாதை முடியும் இடத்தை ஏறுவதற்கு முன் நடந்து பாருங்கள். தலை முன்னாலிருக்கக் குப்புறப் படுத்து இறங்கும் முறையும் உண்டு. வேகம் அதில்தான். நமீபியாவில் ஸ்வகோப்முண்டில் அப்படி மணிக்கு 80 கிலோமீட்டர் வரை தொடுகிறார்கள். அங்கே அதற்கென்றே மெல்லிய அட்டைப்பலகை, ஹெல்மெட், பழகிய வழிகாட்டிகள் உண்டு. இவை இல்லாத இடத்தில் அந்த முறையைத் தொடாதீர்கள்.

பலகையைவிட நான் பயப்படுவது வண்டிக்கு. வெள்ளிக்கிழமை மாலை பிதியா மேடுகளில் உள்ளூர் இளைஞர்கள் ஃபோர் வீல் வண்டிகளையும் நாலுசக்கர பைக்குகளையும் ஏற்றி விளையாடுவார்கள். முகட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாரநாளில் போங்கள். முகட்டுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து படமெடுக்கும் பழக்கம் வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். பாம்பு, தேள் பற்றிக் கேட்பீர்கள். கொம்பு விரியன் மணலில் புதைந்து கிடக்கும் சாதிதான், ஆனால் இத்தனை வருடத்தில் நான் தடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஷூவை உதறிப் போடுங்கள், இருட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், அவ்வளவுதான். மேட்டின் ஓரத்தில் ஒற்றையாக நிற்கும் மரத்தை 'காஃப்' என்பார்கள். அது நம் வன்னிமரம்தான், அதே இனம். அங்கே கிடைக்கும் ஒரே நிழல் பெரும்பாலும் அதுதான். தீ மூட்ட அதன் கிளையை ஒடிக்காதீர்கள்.

தேதியை மாற்ற முடியும் என்றால் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் முதல் பாதிக்குள் வையுங்கள். மே மாத விமான டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் போய்விடும்தான், ஆனால் காலை பத்துமணிவரை சறுக்கலாம், இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே தூங்கலாம். ஜூனுக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், அது மேயைவிட மோசம். சறுக்குவது மட்டுமே நோக்கம் என்றால் ஓமானே சரியான இடமல்ல என்றும் சொல்லிவிடுகிறேன். பெருவில் இகா நகரை ஒட்டிய வாகச்சினாவில் வண்டியிலேயே மேட்டின் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள், ஏறும் பாடே இல்லை. ஸ்வகோப்முண்டில் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் வெயிலே உறைக்காது. ஜெய்சால்மர் பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். அங்குள்ள சாம் மணல்மேடுகள் தாழ்வானவை, பலகை வேகம் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். ஓமானின் அழகு சறுக்கலுக்கு வெளியே இருக்கிறது. சறுக்கலை அதில் ஒரு காலைப்பொழுதாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பையில் வைக்க: முழுக்கைப் பருத்திச் சட்டை, கெண்டைக்கால்வரை வரும் காலுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, மெல்லிய கையுறை, முகத்தைச் சுற்ற ஒரு துண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அன்றைக்கு மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைக்குள்ளிருந்தே படமெடுங்கள். சார்ஜ் போடும் துளையில் புகுந்த மணலை எடுக்க ரூவியில் ஒரு கடைக்காரர் எனக்கு அரைமணி நேரம் செலவழித்தார். அந்த போன் அதற்குப் பிறகும் சரியாக சார்ஜ் ஏறவில்லை.